பி.எஸ்சி. முடித்த பையனுக்கு எம்.சி.ஏ.: ஒரு தாள் கணக்கு

அம்மா, உங்கள் பையனை எம்.சி.ஏ.வில் (கணினிப் பயன்பாட்டில் முதுநிலைப் பட்டம்) சேர்க்கலாமா என்று கேட்டு நீங்கள் நேற்று என் மேஜையில் விட்டுப்போன கல்லூரிக் கையேட்டை இரவு உட்கார்ந்து முழுக்கப் படித்தேன். 'அதிகபட்சச் சம்பளம் ஆண்டுக்கு 12 லட்சம்' என்று மூன்று இடத்தில் போட்டிருக்கிறார்கள். எத்தனை பேருக்கு அது கிடைத்தது என்று ஓர் இடத்திலும் இல்லை.

உங்கள் மகன், நம் தம்பி, பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்துவிட்டார். கோயம்புத்தூரில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் மாதம் 15,000 ரூபாய்க்கு வேலையும் வந்திருக்கிறது. எம்.சி.ஏ. மூன்று வருடம் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பழைய கதை. 2020-21 முதல் அது இரண்டு வருடப் படிப்பு. (திருச்சி என்.ஐ.டி.யில் இன்னும் மூன்று வருடம்தான்; அதற்கு நிம்செட் என்ற தேசிய அளவிலான நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்.)

சரி, கணக்குக்கு வருவோம். நீங்கள் சொன்னபடி கல்லூரிக் கட்டணம் வருடம் 1,20,000, விடுதி 80,000. இரண்டு வருடத்துக்கு 4 லட்சம். நீங்கள் இதோடு நிறுத்திவிட்டீர்கள். தம்பி இந்த வேலைக்குப் போனால் 24 மாதத்தில் 3,60,000 சம்பாதிப்பார். படிக்கப் போனால் அது வராது, அதுவும் செலவுதான். ஆக மொத்தம் 7,60,000.

இந்தப் பணம் எப்போது திரும்பும்? வேலைக்குப் போனால் இரண்டு வருடத்தில் சம்பளம் 20,000 ஆகியிருக்கும் என்று வையுங்கள். எம்.சி.ஏ. முடித்து 28,000-க்குச் சேர்ந்தால் வித்தியாசம் மாதம் 8,000. 7,60,000-ஐ 8,000-ஆல் வகுத்துப் பாருங்கள்: 95 மாதம், எட்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதுவே 35,000-க்குச் சேர்ந்தால் நாலே கால் வருடத்தில் எடுத்துவிடலாம். படிப்பு ஒன்றுதான், ஆரம்பச் சம்பளத்தில் 7,000 கூடினால் மூன்றரை வருடத்துக்கு மேல் மிச்சம். அதனால்தான் கையேட்டில் இருக்கும் 12 லட்சத்தை மறந்துவிடச் சொல்கிறேன். கல்லூரியில் போய்க் கேளுங்கள்: "போன வருடம் எம்.சி.ஏ. முடித்தவர்கள் எத்தனை பேர், வேலை கிடைத்தது எத்தனை பேருக்கு, சம்பளத்தை வரிசைப்படுத்தினால் நடுவில் இருப்பவருக்கு எவ்வளவு?" பி.இ. மாணவர்களையும் சேர்த்துச் சொல்வார்கள், விடாதீர்கள். மழுப்பினால் அதுவே பதில்.

கடன் வாங்கித்தான் படிக்கவைக்க வேண்டும் என்றீர்கள். கல்விக் கடனில் 4 லட்சம் வரை நம் கைப்பங்கு எதுவும் கேட்பதில்லை, 7.5 லட்சம் வரை சொத்துப் பிணையும் வேண்டாம். ஆனால் நீங்களோ அவர் அப்பாவோ கூட்டாகக் கையெழுத்துப் போட வேண்டும். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை இல்லை என்பார்கள். தவணைதான் இல்லை, வட்டி ஓடும். வருடத்துக்கு 2 லட்சமாக 10 சதவீத வட்டிக்கு வாங்கினால், கட்டத் தொடங்கும் நாளில் கடன் 5 லட்சமாக நிற்கும். ஐந்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 10,600. சம்பளம் 28,000 என்றால் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போக என்ன மிஞ்சும், நீங்களே போட்டுப் பாருங்கள்.

எம்.சி.ஏ. வேண்டாம் என்று சொல்லவில்லை. வங்கிகளில் ஐ.டி. அதிகாரி வேலைக்கு ஐ.பி.பி.எஸ். (வங்கிகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் நிறுவனம்) நடத்தும் தேர்வை வெறும் பி.எஸ்சி.யை வைத்து எழுத முடியாது, எம்.சி.ஏ. இருந்தால் எழுதலாம். தம்பிக்கு அந்தப் பக்கம் ஆசை இருந்தால் கணக்கே வேறு. ஆனால் அதற்காக 4 லட்சம் கொடுத்து உட்கார வேண்டியதில்லை. எம்.சி.ஏ. சேர்க்கைக்காக அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு பொதுவாக மார்ச்சில் வரும். அதில் நல்ல மதிப்பெண் எடுத்தால் கிண்டி பொறியியல் கல்லூரி மாதிரி இடங்களில் மிகக் குறைந்த கட்டணத்தில் படிக்கலாம். பிளஸ் டூவிலோ பட்டப்படிப்பிலோ கணிதம் படித்திருக்க வேண்டும், தம்பி படித்திருக்கிறார். இந்த வருடத் தேர்வை அவர் எழுதவில்லை என்பதுதான் வருத்தம்.

எனக்குத் தோன்றுவது இது. இப்போது வேலையில் சேரட்டும். மாலையில் டான்செட்டுக்குப் படிக்கட்டும். ஒரு வருடச் சம்பளமும் கையில் இருக்கும், அனுபவமும் இருக்கும். அடுத்த மார்ச்சில் நல்ல இடம் கிடைத்தால் போகலாம். கிடைக்காவிட்டால் இக்னோவில் (இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம்) தொலைதூரக் கல்வியில் எம்.சி.ஏ. சேர்ந்து வேலையை விடாமல் படிக்கலாம். அங்கீகாரம் பெற்ற தொலைதூரப் பட்டமும் நேரடிப் பட்டத்துக்குச் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-லேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. வளாக நேர்காணல் மட்டும் அதில் இருக்காது. பி.எஸ்சி. முடித்தவர்களை வேலைக்கு எடுத்து எம்.டெக். படிக்கவைக்கும் திட்டம் விப்ரோவிலும் இருக்கிறது. இத்தனை வருடம் அங்கேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தம் போடுவார்கள், அதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை படித்துவிட்டு முடிவெடுங்கள்.

தம்பி அடுத்த ஆள் முகத்தைப் பார்க்காமல் பேசுகிறார் என்று கவலைப்பட்டீர்களே, அதை வேலை பார்த்துக்கொள்ளும். அந்தக் கோயம்புத்தூர் கம்பெனியில் சேரும் நாளன்று மார்க் ஷீட்டுகளின் நகல் மட்டும் போதும். ஒரிஜினலைக் கேட்டால் கொடுக்காமல் முதலில் எனக்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.