கேளுங்க சொல்றோம்: கண்டி மியூசியத்துல புள்ளைங்களுக்கு என்ன காட்டுறது?

கேள்வி: ஹட்டன் பக்கம் தோட்டப் பள்ளிக்கூடத்துல படிச்சுக் குடுக்கிறேன். தரம் 8 புள்ளைங்கள கண்டிக்கு ட்ரிப் கூட்டிட்டு போறோம். போன முறை ஒரு மியூசியத்துக்கு போய் கால் மணித்தியாலத்துல சுத்தி முடிச்சுட்டு எல்லாம் ஐஸ்கிறீம் வேன் கிட்ட போய் நின்னுட்டுதுங்க. இந்த முறை என்னத்த காட்டுறது? நம்ம ஆளுங்க கதை அங்க ஏதும் இருக்கா?
(டீச்சர், ஹட்டன்)

பதில்: டீச்சர், எல்லாத்தையும் காட்டப் போனா அதுங்க ஒண்ணையும் பாக்காதுங்க, மூணே சாமான் போதும். தலதா மாளிகைக்கு பக்கத்துலயே இருக்கிற தேசிய மியூசியத்துல இருந்து ஆரம்பிங்க, அந்தக் கட்டிடமே ராணிமார் இருந்த பல்லே வாகல, 1942ல தான் மியூசியமா திறந்தாங்க.

முதல்ல ஓலைச்சுவடி. சும்மா "பழைய புத்தகம்"னு சொல்லிட்டு நகந்துடாதீங்க. எழுத்தாணியால ஓலையில கீறுறப்ப எழுத்து கண்ணுக்கே சரியா தெரியாது, அப்புறம் கரியும் எண்ணெயும் சேத்து மேல தேய்ச்சு துடைச்சா தான் கீறல்ல மட்டும் கறுப்பு நிக்கும், எழுத்து பளிச்சுனு வரும்.

அடுத்தது அரக்கு வேலை. மாத்தளை பக்கம் ஹபுவிதையில இத பிரஷ்ஷே இல்லாம செய்வாங்க, அரக்க சூடு காட்டி இளக்கி நூலா இழுத்து பெருவிரல் நகத்தால கோலம் மாதிரி ஒட்டுவாங்க. இத சொல்லிட்டு புள்ளைங்க மூஞ்சிய பாருங்க, எல்லாம் அதுங்க நகத்த தான் பாக்கும்.

மூணாவது 1815 மார்ச் 2 கண்டி ஒப்பந்தத்தோட பிரதி. கண்டி ராச்சியமே வெள்ளைக்காரன் கைக்கு மாறின காகிதம், கையெழுத்து போட்ட கண்டித் தலைவர்மார், அதாவது பிரதானிமார்ல சிலர் தமிழ் எழுத்துல போட்டிருக்காங்க. கடைசி ராசா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வம்சம், அவர வேலூருக்கு நாடு கடத்தினாங்க, 1832ல அங்கயே செத்துப் போனார். கண்டி சரித்திரம் நமக்கு சம்பந்தமில்லாததுனு நெனைக்கிற புள்ளைங்களுக்கு இது ஒண்ணு போதும்.

நேரம் இருந்தா ஆஸ்பத்திரி ரோட்டால ஏறி ஹந்தானை தேயிலை மியூசியம். 1925ல கட்டின பழைய ஸ்டோர், அதான் தேயிலை பேக்டரி, ரோலரு, பழைய எஞ்சின் எல்லாம் இருக்கு. ஸ்டோர்ல வேல செய்யிற அப்பா அம்மா இருந்தா அந்தப் புள்ளைய கைடா விடுங்க, உங்களையும் என்னையும் விட நல்லா சொல்லும். 1867ல லூல்கந்துரா தோட்டத்துல தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் பத்தியும் நிறைய இருக்கு. ஆனா கொழுந்து பறிச்ச கைய தேடினா கொஞ்சம் ஏமாற்றம் தான், அங்க மெஷினுக்கும் துரைமாருக்கும் தான் இடம் பெருசு.

அதுக்கு கம்பளை பக்கம் போகணும். தோட்டத்து ஆளுங்க வரிசை வீடான பழைய லயத்தையே 2007ல தோட்டத் தொழிலாளர் மியூசியமா மாத்தி வச்சிருக்காங்க. என்னய கேட்டா கண்டியில ஒரு இடத்த குறைச்சாவது இங்க போங்க. "எங்க வீடும் இப்புடித் தானே டீச்சர்"னு யாராவது சொல்லும், சொல்லட்டும், நம்ம லயத்துல கிடக்கிற கூடையும் தப்பு மேளமும் கூட சரித்திரச் சாமான் தான்னு அங்க நின்னு பேசுறது லேசு.

திங்கக்கிழமையும் பௌர்ணமி போயா நாளும் வேணாம், முன்கூட்டியே கோல் எடுத்து திறந்திருக்கானு கேட்டுக்குங்க. ஐஸ்கிறீம் கடைசில வாங்கிக் குடுங்க, முதல்ல குடுத்தா கண்ணாடி பூரா கை அடையாளம்.