கிரியாட்டினின் எங்கே? கவுட், யூரிக் ஆசிட் கேள்வி-பதில்

இரத்தத்தில் யூரிக் ஆசிட் கூடி, மூட்டுக்குள் படிகமாகப் படிந்து வீக்கமும் வலியும் தருவதுதான் கவுட். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை 35 வயதுக்குள் இருப்பவர்கள் எழுதியவை. யூரிக் ஆசிட் எண்ணை எல்லோரும் பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் இரத்த டெஸ்டான கிரியாட்டினினை எழுதியவர்கள் இரண்டே பேர். எத்தனை தடவை சொல்வது?

வயது 26, சென்னை, ஐ.டி. வேலை. ஹெல்த் செக்கப்பில் யூரிக் ஆசிட் 7.6. வலி எதுவும் இல்லை. யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் ஃபெபுக்ஸோஸ்டாட் 40 மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். போடலாமா?

மூட்டு ஒரு தடவைகூட வீங்கியதில்லை, சிறுநீரகக் கல் இல்லை, கிரியாட்டினின் சரியாக இருக்கிறது என்றால் தேவையில்லை. 7.6 வைத்துக்கொண்டு கடைசிவரை ஒரு வலியும் இல்லாமல் இருப்பவர்கள்தான் அதிகம். எடை, பிரஷர், சர்க்கரை மூன்றையும் பாருங்கள். உங்கள் வயதில் யூரிக் ஆசிட் பெரும்பாலும் இந்தக் கூட்டாளிகளோடுதான் ஏறும். கூல்டிரிங்ஸை விடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி பார்த்தால் போதும். எழுதிக் கொடுத்தவரிடம் "எதற்காக?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், காரணம் ஏதாவது இருந்தால் சொல்வார்.

வயது 31, சேலம். ராத்திரி இரண்டு மணிக்குக் கால் கட்டைவிரல் வீங்கி, போர்வை பட்டாலே உயிர் போனது. காலையில் டெஸ்ட் எடுத்தால் 5.9. "கவுட் இல்லை, அடிபட்டிருக்கும்" என்றார்கள்.

வீங்கியிருக்கும்போது இரத்தத்தில் அளவு இறங்கிவிடுவது சகஜம். அன்றைக்கு எடுத்த டெஸ்டை வைத்துக் கவுட் இல்லை என்று சொல்ல முடியாது. வீக்கம் முழுக்க வடிந்து இரண்டு மூன்று வாரம் கழித்து எடுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் அந்தப் போர்வை விஷயம் ரிப்போர்ட்டைவிட எனக்குப் போதுமான ஆதாரம். ஒரே ஒரு எச்சரிக்கை: ஒற்றை மூட்டு வீக்கத்தோடு குளிர் காய்ச்சலும் வந்தால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

யூரிக் ஆசிட் 9.2. என்ன செய்வது? (பெயர், வயது, ஊர் இல்லை)

ஆணா பெண்ணா தெரியவில்லை, வலி உண்டா தெரியவில்லை, கிரியாட்டினின் இல்லை. கூட அனுப்பிய போட்டோவில் கால் இருக்கிறது, ஷூவுக்குள். விவரத்தோடு மறுபடி எழுதுங்கள்.

வயது 29, திருப்பூர், பனியன் கம்பெனியில் டெய்லர். இரண்டு வருடத்தில் ஆறு தடவை வலி. மெடிக்கலில் "கவுட் செட்" என்று கேட்டால் கொடுப்பார்கள், ஒரே நாளில் சரியாகிவிடும். இப்போது இரண்டு நாள் ஆகிறது. வேறு நல்ல செட் இருந்தால் சொல்லவும்.

இருக்காது தம்பி. இந்த "செட்" என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

போன வருடம் உங்கள் வயதில் ஒருவர் வந்தார். என்ன மாத்திரை என்று கேட்டேன். சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து மேஜையில் பிரித்தார். கத்தரியால் நறுக்கிய மூன்று அட்டைத் துண்டுகள். ஒன்றில் பெயரே இல்லை. ஒன்றில் தேதி மட்டும். மூன்றாவதில் "...சோன்" என்று வால் மட்டும் இருந்தது, தலை கத்தரியோடு போயிருந்தது. அந்த வால் எனக்குப் போதும்: ஸ்டீராய்டு. மற்றது வலி மாத்திரை, இன்னொன்று வயிற்றுக்கு. முகம் உருண்டையாகியிருந்தது. உடம்பு தேறியிருக்கிறது என்று அவர் அம்மாவுக்குச் சந்தோஷமாம். சர்க்கரை 200-ஐத் தாண்டியிருந்தது. பிரஷர் ஏறியிருந்தது. கிரியாட்டினின் கிட்டத்தட்ட 2.

ஸ்டீராய்டே கெட்டது என்று நான் சொல்லவில்லை. கவுட் வலிக்கு நானே பிரெட்னிசோலோன் தருகிறேன்: 30 மில்லிகிராம் வாக்கில், ஐந்து நாள், சர்க்கரையைப் பார்த்துவிட்டு. வலி மாத்திரையும் தருகிறேன், கிரியாட்டினினைப் பார்த்துவிட்டு. கோல்சிசினும் நல்ல மருந்து. வலி தொடங்கிய முதல் அரை நாளுக்குள் இரண்டு அரை மில்லிகிராம் மாத்திரை, ஒரு மணி நேரம் கழித்து இன்னொன்று, அன்றைக்கு அவ்வளவுதான். பேதியாகும்வரை விழுங்குவதெல்லாம் அந்தக் காலத்து வைத்தியம். என்ன போடுகிறோம், எவ்வளவு, எத்தனை நாள், யாருடைய சிறுநீரகத்துக்கு என்று தெரிந்து தருவது ஒன்று. பெயரை நறுக்கிவிட்டுத் தருவது வேறு.

ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் கூலி போகும், டாக்டரைப் பார்க்க அரை நாள் காத்திருக்க வேண்டும், மெடிக்கல் தெருமுனையில் இருக்கிறது. எல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் கணக்கைச் சரியாகப் போடுங்கள். செட் மாத்திரை தீயை மட்டும்தான் அணைக்கிறது. மூட்டுக்குள் படிந்த படிகம் ஒரு துளிகூடக் குறையவில்லை, வலி இல்லாத மாதங்களிலும் சேர்ந்துகொண்டே இருக்கிறது. முன்பு ஒரு நாளில் அடங்கியது இப்போது இரண்டு நாள் ஆவதற்கு அதுதான் காரணமாக இருக்கலாம்.

வருடத்துக்கு இரண்டு தடவையோ அதற்கு மேலோ வலி வந்தால் யூரிக் ஆசிட்டைக் குறைக்கும் மருந்து வேண்டும். 40 வயதுக்குள் கவுட் வந்தவருக்கு முதல் வலியிலேயே அதை யோசிக்கலாம். உங்களுக்கு ஆறு தடவை ஆகிவிட்டது, இனி யோசிக்க ஒன்றும் இல்லை. இலக்கு 6-க்குக் கீழே. காதிலோ முழங்கையிலோ யூரிக் ஆசிட் படிந்து கட்டி வந்துவிட்டால் 5-க்குக் கீழே. அப்படிக் குறைக்கும் அலோபியூரினால் 1966-லிருந்து சந்தையில் இருக்கும் மருந்து. அதை உருவாக்கியவர்களில் இருவர், கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும், 1988-ல் நோபல் பரிசு பெற்றார்கள். விலையும் ஒரு நாளைக்கு ஒரு டீ காசுக்கு மேல் போகாது.

முக்கியமான ஒன்று: செட் மாத்திரையை வாரக்கணக்கில் தினமும் போட்டு வந்திருந்தால் சடாரென்று நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டைத் திடீரென விட்டால் பிரஷர் இறங்கி மயங்கி விழலாம். பொட்டலத்தோடு டாக்டரிடம் போங்கள். கிரியாட்டினின் பாருங்கள்.

வயது 34, கோவை, சுத்த சைவம். பருப்பு, கீரை, காளான், தக்காளி எல்லாம் விட்டு எட்டு மாதம். யூரிக் ஆசிட் 8.4-லிருந்து 8.1-தான். இன்னும் எதை விடுவது?

இனி எதையும் விட வேண்டாம், விட்டதைத் திரும்பச் சாப்பிடுங்கள். யூரிக் ஆசிட்டில் மூன்றில் இரண்டு பங்கு உடம்பே தயாரிப்பது. சிறுநீரகம் சரியாக வெளியேற்றாததுதான் பெரும்பாலோருக்குச் சிக்கல். எவ்வளவு கட்டுப்பாடாக இருந்தாலும் சாப்பாட்டால் 1 குறைந்தால் பெரிது. பருப்பிலும் கீரையிலும் ப்யூரின் (உடம்பில் யூரிக் ஆசிட்டாக மாறும் பொருள்) இருக்கிறதுதான், ஆனால் அவற்றைச் சாப்பிடுகிறவர்களுக்குக் கவுட் கூடுதலாக வருவதில்லை என்று பெரிய ஆய்வுகளிலேயே பார்த்துவிட்டார்கள். பாலும் தயிரும் நல்லது, காபியும் கெடுதல் இல்லை. சர்க்கரை மட்டும் கம்மியாக. சாம்பார் இல்லாமல் எட்டு மாதம் எப்படி ஓட்டினீர்களோ!

தூத்துக்குடியிலிருந்து: மீன் இல்லாமல் சோறு இறங்காது. எது கூடாது? பீருக்குப் பதில் பிராந்தி பரவாயில்லையா?

நெத்திலி, மத்தி, கருவாடு, ஈரல், மூளை, சுவரொட்டி, குடல் இவற்றைத் தள்ளி வையுங்கள். மற்ற மீன் வாரம் இரண்டு தடவை, இரண்டு துண்டு. பீர் மோசம், பிராந்தி அதற்கு அடுத்தபடி. நல்ல பதிலாக இல்லைதான்.

வயது 27, மதுரை, பெண். இரண்டு கை விரல் மூட்டும் காலையில் ஒரு மணி நேரம் மடங்காது. யூரிக் ஆசிட் 6.3. கவுட் என்று மாத்திரை போடுகிறேன், குறையவில்லை.

குறையாது அம்மா, இது கவுட்டாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மாதவிடாய் நிற்காத பெண்ணுக்குக் கவுட் வருவதில்லை என்று கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டீஸ் இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே எழுதி வைத்துவிட்டார். சிறுநீரகக் கோளாறு போன்ற சில விதிவிலக்குகளைத் தவிர இன்றும் அது பொருந்துகிறது. நீங்கள் சொல்வது முடக்குவாதத்தின் பேச்சு. அதற்கான இரத்த டெஸ்டுகளான ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி சிசிபி இரண்டையும் எடுத்துக்கொண்டு மூட்டுவாத டாக்டரைப் பாருங்கள், இந்த மாதமே. அதில் முதல் சில மாதங்கள் போனால் போனதுதான்.

வயது 33, ஈரோடு. அலோபியூரினால் 100 ஆரம்பித்து ஆறு வாரத்தில் இரண்டு தடவை வலி. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று நிறுத்திவிட்டேன். சரிதானே?

தப்பு. படிகம் கரையத் தொடங்கும்போது முதல் சில மாதம் வலி வரத்தான் செய்யும். அதற்காகத்தான் தினம் அரை மில்லிகிராம் கோல்சிசினை மூன்றிலிருந்து ஆறு மாதம் சேர்த்துத் தருகிறோம். உங்களுக்குத் தரவில்லை போலிருக்கிறது, கேளுங்கள். கோல்சிசின் போடும் காலத்தில் கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாடிக் கூடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அலோபியூரினால் 100 வெறும் தொடக்கம். சில வாரத்துக்கு ஒரு முறை டெஸ்ட் பார்த்து 200, 300 என்று ஏற்றி, 6-க்குக் கீழே வந்த பிறகு அதே அளவில் வருடக்கணக்கில் போட வேண்டும். வலி வந்தாலும் நிறுத்தக் கூடாது. நிறுத்த வேண்டியது ஒன்றே ஒன்றுக்கு: தோலில் தடிப்பு, வாய்ப்புண், காய்ச்சல். வந்தால் அந்த மணியே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள்.

வயது 24, வேலூர். டிபி மாத்திரை தொடங்கி ஒரு மாதம். மூட்டெல்லாம் வலி, யூரிக் ஆசிட் 10. டிபி மாத்திரையை நிறுத்தலாமா?

நிறுத்தாதீர்கள். அதில் உள்ள பைரசினமைடு செய்கிற வேலை இது. வழக்கமான சிகிச்சையில் அது முதல் இரண்டு மாதம்தான், அப்புறம் எண் தானாக இறங்கிவிடும். மாத்திரை வாங்கும் இடத்திலேயே வலியைச் சொல்லுங்கள்.

என் மகனுக்கு 19 வயது. இரண்டு கட்டைவிரலிலும் மாறி மாறி வருகிறது. அவன் தாத்தாவுக்கு டயாலிசிஸ் செய்தோம்.

இந்தக் கடிதத்தைத்தான் முதலில் பிரித்திருக்க வேண்டும். இருபதுக்குள் கவுட் என்றால் சாப்பாட்டைத் திட்டுவதில் பயனில்லை. குடும்பத்தில் சிறுநீரக நோய் வேறு இருக்கிறது. பரம்பரையாக வரும் வகைகள் உண்டு. கிரியாட்டினின், சிறுநீர் டெஸ்ட், வயிற்று ஸ்கேன் மூன்றும் எடுத்துக்கொண்டு சிறுநீரக டாக்டரைப் பாருங்கள். வலி மாத்திரை எதையும் கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஜிம் போகிறேன். வே புரோட்டீனால் யூரிக் ஆசிட் ஏறுமா? வாரம் ஒரு நாள் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் இருக்கிறேன்.

வே பாலிலிருந்து வருவது, பயமில்லை. விரதம்தான் வில்லன்: பட்டினி கிடந்தால் யூரிக் ஆசிட் ஏறும். எடையை மாதம் இரண்டு கிலோ என்று மெதுவாகக் குறையுங்கள்.

வாழைத்தண்டு சாறு குடித்தால் மாத்திரையை விட்டுவிடலாமா?

பொரியலாகச் சாப்பிடுங்கள், நன்றாக இருக்கும். மாத்திரையையும் போடுங்கள்.