ஸ்டூலைப் பரணில் ஏற்றுங்கள்

கேள்வி: எனக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் ஆகிறது. கணவர் வீட்டார் ஆங்கிலோ இந்தியர்கள், நான் புதுக்கோட்டைப் பக்கம். மாமனார் பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர், இப்போது இல்லை. மாமியாரை மம்மி என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கு வயது 76. ஒன்பது வருடம் கழித்து இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஆஸ்திரேலியாவில் இருந்து நாத்தனார் குடும்பம் வருகிறது. என் அப்பா அம்மாவையும் சேர்த்து வீட்டில் 21 பேர் இருப்போம். மஞ்சள் சாதம், பால் கறி, டெவில் சட்னி, சிக்கன் ரோஸ்ட், குல்குல் எல்லாம் சமாளித்துவிடுவேன். உலர்ந்த திராட்சை போட்டு ஆவியில் அவிக்கிற கிறிஸ்துமஸ் புட்டிங்தான் வரமாட்டேன் என்கிறது. மம்மியின் நோட்டைப் பார்த்துதான் செய்கிறேன் (அந்தப் பக்கத்தின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன்). போன வருடம் இரண்டு மணி நேரம் அவித்தும் வெளுப்பாக, ரப்பர் மாதிரி வந்தது. இந்த அக்டோபரில் முட்டையை மூன்றாகக் குறைத்துப் பார்த்தேன், உதிர்ந்து போனது. மம்மியிடம் கேட்டால் "நல்லாத்தானே இருக்கு" என்பதோடு சரி. அவரை நான் ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. ஒருமுறை ஸ்டூலில் ஏறிப் பாத்திரம் எடுக்கப் போய்த் தடுமாறிவிட்டார். அதற்கப்புறம் புட்டிங் சட்டி, அவர் அளக்கிற எனாமல் மக் எல்லாவற்றையும் அவர் கைக்கு எட்டாதபடி பரணில் ஏற்றிவிட்டோம். சென்னையில் ஒரு பேக்கரியில் நல்ல புட்டிங் கிடைக்கிறதாம். அதை வாங்கி வைத்துவிட்டு, மம்மி செய்தது என்று நாத்தனாரிடம் சொல்லிவிடலாமா? என் பெற்றோர் முட்டை சாப்பிட மாட்டார்கள். முட்டையில்லாத புட்டிங் செய்ய முடியுமா? 21 பேருக்கு எப்படித் திட்டமிடுவது?
– வாசகி, பொன்மலை

பதில்: தீபாவளிக்கு முன்னால் அதிரசம் எண்ணெயில் கரைந்த கதை, கிறிஸ்துமஸுக்கு முன்னால் கேக் அமுங்கிய கதை. வருடா வருடம் எனக்கு வருகிற தபால் இது. எல்லாக் கடிதத்திலும் ஒரு மாமியார் இருப்பார், அவருடைய கைப்பக்குவம் மருமகளுக்கு வராது. உங்கள் கடிதத்தையும் அந்தக் கட்டோடு சேர்த்திருப்பேன். ஒரு வரி தடுத்துவிட்டது.

"அவர் கைக்கு எட்டாதபடி."

போகிற போக்கில் எழுதிவிட்டுப் பேக்கரிக்குப் போய்விட்டீர்கள். நான் அங்கேயே நின்றுவிட்டேன். விழுந்துவிடுவார் என்ற பயம் நியாயமானது. 76 வயதில் இடுப்பெலும்பு முறிந்தால் என்ன பாடு என்று எனக்கும் தெரியும். சரி, அப்படியானால் பரணுக்குப் போக வேண்டியது எது? ஸ்டூல்தானே? சட்டியையும் மக்கையும் இறக்கி, குனியாமல் எட்டாமல் எடுக்கிற தட்டில் வைத்திருந்தால் மம்மிக்கு ஸ்டூலே தேவைப்பட்டிருக்காதே. நீங்கள் ஸ்டூலைக் கீழே விட்டுவிட்டுச் சட்டியை மேலே ஏற்றியிருக்கிறீர்கள். "ஏற்றிவிட்டோம்" என்று எழுதியிருப்பதால் உங்கள் கணவரும் கூட்டு என்று தெரிகிறது. பெற்ற பிள்ளைக்குமா தோன்றவில்லை?

உங்கள் புட்டிங் கெட்டதற்கும் அந்தப் பரண்தான் காரணம். நோட்டின் நகலைப் பாருங்கள். உலர்ந்த திராட்சை மூன்று மக், ரொட்டித்தூள் இரண்டு மக், சர்க்கரை ஒன்றரை மக், அப்புறம் முட்டை எட்டு. மக் என்று இருக்கிற இடத்திலெல்லாம் நீங்கள் கடையில் விற்கிற அளவுக் கப்பைப் போட்டிருப்பீர்கள். அதில் 240 மில்லி பிடிக்கும். பழைய எனாமல் மக் அதைவிட நன்றாகவே பெரிது. திராட்சையும் தூளும் சர்க்கரையும் மக்கோடு சேர்ந்து சுருங்கின. முட்டை மட்டும் எண்ணிக்கை, அது எட்டு எட்டாகவே நின்றது. ரப்பராகாமல் என்ன செய்யும்? பிறகு பயந்துபோய் மூன்றாக்கினீர்கள், பிடிப்பு போய் உதிர்ந்தது. அந்த மக் 400 மில்லி பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் உங்கள் கப்புக்கு ஐந்து முட்டைதான் கணக்கு.

அடுத்த வரி இன்னும் வேடிக்கை. எவ்வளவு நேரம் அவிக்க வேண்டும் என்கிற இடத்தில் மணிக்கணக்கே இல்லை. மத்தியானச் சங்குக்கு அடுப்பில் ஏற்று, சாயங்காலச் சங்குக்கு இறக்கு என்றுதான் எழுதியிருக்கிறார். பட்டறைச் சங்கு! அது எந்த வருடத்துச் சங்கு, அப்போது எத்தனை மணிக்கு ஊதினார்கள் என்று உங்கள் வீட்டில் ஒரே ஒருவரிடம்தான் கேட்க முடியும். அவரை டிவி முன்னால் உட்கார வைத்துவிட்டு நீங்களாக இரண்டு மணி நேரம் என்று முடிவு செய்துகொண்டீர்கள். இந்த மாதிரிப் புட்டிங்குக்கு ஐந்தாறு மணி நேர ஆவி வேண்டும். கொஞ்சம் கருக்கிய சர்க்கரையும், மீதி அந்த நீண்ட வேக்காடும் சேர்ந்துதான் அதைக் கறுப்பாக்கும்.

இங்கிலாந்தில் 1927இல் சாம்ராஜ்ய புட்டிங் என்று ஒன்றைப் பரப்பினார்கள். ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சமையற்காரர் கொடுத்த குறிப்பு, எல்லாமே சாம்ராஜ்யத்துச் சரக்கு: ஆஸ்திரேலியத் திராட்சை, ஜான்சிபார் கிராம்பு, ஜமைக்கா ரம் என்று பவுண்டு கணக்கில் பட்டியல். அதற்கடுத்த வருடம், 1928இல்தான் நாகப்பட்டினத்தில் இருந்த ரயில் பட்டறை உங்கள் பொன்மலைக்கு வந்தது. ராஜா வீட்டுக் குறிப்பை யார் வேண்டுமானாலும் தராசில் நிறுத்துச் செய்துவிடலாம். உங்கள் மாமியார் வீட்டுக் குறிப்பு மக்கிலும் சங்கிலும் இருக்கிறது. அதைத் தெரிந்தவர் வாயைத் திறக்காமல் நோட்டு மட்டும் பேசாது.

அவர் ஏன் வாயைத் திறப்பதில்லை? "நல்லாத்தானே இருக்கு" என்பதை நீங்கள் பாராட்டு என்று எடுத்துக்கொண்டீர்களா? உதிர்ந்த புட்டிங்கைப் பார்த்து ஐம்பது வருடம் புட்டிங் செய்தவர் அப்படிச் சொன்னால், எனக்கு இங்கே ஒரு வேலையும் இல்லை, எதையாவது செய்துகொள் என்று அர்த்தம்.

நானும் இதே தப்பைச் செய்தவள்தான். என் மாமியாருக்குக் கை நடுக்கம் வந்ததும் அவருடைய அரிவாள்மணையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன். நல்ல எண்ணத்தில்தான். ஒருநாள் மத்தியானம் அடுக்களைக்குள் போனால், நான் உரித்துக் கழுவி வைத்த சின்ன வெங்காயத்தை எடுத்து மறுபடி உரித்துக்கொண்டிருக்கிறார். மேல்தோல் போய், சதையே போய், பட்டாணி அளவுக்கு வந்துவிட்டது. என்னைப் பார்த்ததும் குற்றம் செய்த குழந்தை மாதிரி முந்தானையால் கிண்ணத்தை மூடினார். இன்றைக்கும் சின்ன வெங்காயம் உரிக்கும்போது அந்த முந்தானை ஞாபகம் வரும்.

வயதானவரை உட்கார வைத்துச் சோறு போடுவதோடு கடமை முடிந்தது என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வீட்டில் ஒரு அதிகாரத்தோடு இருந்தவரிடம் கொஞ்சமாவது அதிகாரத்தை மிச்சம் வைக்க வேண்டும். உப்பு போதுமா என்று அவரைக் கேட்காமல் அடுப்பை அணைக்கக் கூடாது. இது பழைய காலத்துப் பேச்சு என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

பேக்கரிப் புட்டிங்குக்கு வருகிறேன். வாங்குவது பாவம் இல்லை. வாங்கிவிட்டு மம்மி செய்தது என்று சொல்வது இருக்கிறதே, அது மகா கேவலம். நாத்தனார் ஒன்பது வருடம் கழித்து வருகிறார். ஒரு வாய் வைத்ததும் அவர் முதலில் அம்மா முகத்தைத்தான் பார்ப்பார். அந்த நிமிஷம் மம்மி என்ன செய்ய வேண்டும் என்கிறீர்கள்? உங்களைக் காப்பாற்றுவதற்காகப் பெற்ற பெண்ணிடம் பொய் சொல்ல வேண்டுமா? அப்படி ஒரு யோசனை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். இன்று ராத்திரியே உங்கள் கணவர் பரணில் ஏறட்டும். மக் இறங்கியதும் தண்ணீர் ஊற்றி எவ்வளவு பிடிக்கிறது என்று பார்த்து நோட்டில் எழுதுங்கள். உள்பக்க எனாமல் பெயர்ந்திருந்தால் உலர்ந்த சாமானை அளக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அதில் எதையும் ஊறப்போட வேண்டாம். திராட்சை, ஆரஞ்சுத் தோல், பூசணி மிட்டாய் எல்லாவற்றையும் மம்மி சொல்கிற அளவில் நறுக்கி ரம்மில் ஊறவையுங்கள்.

ஆகமன காலம், அதாவது கிறிஸ்துமஸுக்கு முன்னால் வரும் நான்கு ஞாயிறுகள் அடங்கிய காலம், தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை கிளறும் நாள். ஆங்கிலிக்கன் சபையின் 1662ஆம் வருடத்து ஜெபப் புத்தகத்தில் அந்த வாரத்து ஜெபம் "கிளறிவிடும்" என்ற பொருளில்தான் தொடங்கும். ஜனங்கள் கோயிலில் அதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து புட்டிங்கைக் கிளறினார்கள். வீட்டில் இருக்கிற ஆண், பெண், பிள்ளை அத்தனை பேரும் ஆளுக்கு ஒரு சுற்று, கிழக்கில் இருந்து மேற்காக, மனசில் ஒன்றை நினைத்துக்கொண்டு கிளற வேண்டும். கிழக்கில் இருந்து வந்த மூன்று ஞானிகளுக்காக அந்தத் திசை. உங்கள் வீட்டில் நீங்கள் ஒருத்தியே அத்தனை சுற்றும் கிளறியிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இந்தத் தடவை மம்மி நாற்காலி போட்டு உட்காரட்டும், சட்டி அவர் மடி உயரத்துக்கு ஒரு முக்காலியில் இருக்கட்டும். கை நடுங்கினால் பேரப்பிள்ளை கரண்டியைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். பதம் போதும் என்று சொல்வது அவர் வேலை. அவர் சொல்லும்வரை நிறுத்தாதீர்கள்.

நோட்டில் சூயட் என்று இருப்பது மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றி இருக்கும் கொழுப்பு. வெண்ணெயைவிட மெதுவாக உருகும், அதனால் புட்டிங் கனக்காமல் வரும். கறிக்கடையில் சொல்லி வைத்தால் கிடைக்கும். வெண்ணெய் போட்டாலும் குற்றமில்லை, மம்மி சம்மதித்தால். நோட்டில் உள்ள அளவுக்கு இரண்டு புட்டிங் வரும், சின்னத் துண்டாகப் போட்டால் 21 பேருக்குப் போதும். சட்டியின் வாயை மாவு தடவிய துணியால் இறுகக் கட்டி, பெரிய பாத்திரத்தின் அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் வையுங்கள். தண்ணீர் வற்றினால் கொதிக்கிற தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும். ஆறியதும் புதுத்துணி மாற்றி ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள், நம் ஊர் வெயிலை நம்ப முடியாது. 25ஆம் தேதி இன்னொரு இரண்டு மணி நேரம் அவித்துச் சூடாகக் கவிழ்க்கலாம். உள்ளே வெள்ளிக் காசு போடுகிற வழக்கம் இருந்தால், சின்னப் பிள்ளைகள் துண்டில் அது போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் பெற்றோருக்கு முட்டையில்லாத புட்டிங் செய்யாதீர்கள். அது புட்டிங்காகவும் இருக்காது, அவர்களுக்குப் பிடிக்கவும் செய்யாது. ஒரு பாத்திரம் சேமியா பாயசம் வையுங்கள். புட்டிங்கில் முட்டையும் ரம்மும் மாட்டுக் கொழுப்பும் இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சம்பந்தி வீட்டில் மறைத்துப் பரிமாறுகிற வேலை வேண்டாம்.

மற்றதெல்லாம் உங்களுக்கே தெரியும் என்கிறீர்கள், நம்புகிறேன். குல்குல்லை டிசம்பர் இரண்டாவது வாரமே உருட்டி டப்பாவில் போடலாம். டெவில் சட்னியை அன்றன்றைக்கு அரைத்தால் போதும். அப்புறம், நீங்கள் பால் கறி என்று எழுதியிருப்பதைப் படித்துவிட்டு உங்கள் அம்மா பாலில் வேகவைத்த கறி என்று நினைத்துவிடப் போகிறார். அது இங்கிலீஷ் பால், கறியைப் பந்தாக உருட்டிப் போட்ட குழம்பு, நம் கோலா உருண்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று சொல்லி வையுங்கள். அப்போதும் அவர் சாப்பிடப் போவதில்லை, தெரிந்தாவது இருக்கட்டும்.

மக் எத்தனை மில்லி பிடித்தது, சாயங்காலச் சங்கு எத்தனை மணிக்கு என்று மம்மி சொன்னார், இரண்டையும் ஒரு கார்டில் எழுதிப் போடுங்கள்.