பி.எம்.டபிள்யூ கார்கள் உருவாகும் ஊர்களும் நீங்கள் குடியேற வேண்டிய ஊரும்

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். பி.எம்.டபிள்யூவுக்கு உதிரி பாகங்கள் வழங்கும் ஒரு நிறுவனத்தில் திட்டப் பொறியாளராக வேலை கிடைத்திருப்பதாகவும், பணியிடம் டிங்கோல்ஃபிங் என்று நியமனக் கடிதத்தில் இருப்பதாகவும் எழுதியிருந்தீர்கள். தலைமையகம் மியூனிக்கில்தானே இருக்கிறது, அங்கேயே வீடு பார்த்துக்கொண்டு தினமும் போய்வரலாமா என்பது உங்கள் முதல் கேள்வி. பின்னாளில் ஒரு கார் வாங்கினால் அது ஜெர்மனியிலேயே செய்ததுதானா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றும், சென்னையில் பாகங்களைப் பூட்டி உருவாக்கும் வண்டி தரத்தில் ஒரு படி குறைவு என்று சொல்கிறார்களே, அது உண்மையா என்றும் கேட்டிருந்தீர்கள். எந்த மாடல் எந்த ஊரில், என்ன காரணத்தால் உருவாகிறது என்பது பிடிபட்டுவிட்டால் இந்த மூன்றுக்கும் சேர்த்தே விடை கிடைத்துவிடும். இதே தொழிலை நம்பி, இந்த ஊர்கள் இருக்கும் ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் குடும்பம் நடத்துகிறவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மியூனிக்கில் இருப்பது தலைமையகம் மட்டுமன்று. நான்கு உருளைகளை நிறுத்தி வைத்தது போன்ற அந்தக் கட்டடத்தின் காலடியிலேயே, ஒலிம்பிக் பூங்காவுக்கு எதிரே, நிறுவனத்தின் தாய்த் தொழிற்சாலையும் இருக்கிறது. 1922 முதல் அதே இடத்தில் இயங்கும் அந்தத் தொழிற்சாலையைச் சுற்றி நகரம் வளர்ந்துவிட்டதால், மதிலுக்கு அந்தப் பக்கமே குடியிருப்புகள் வந்துவிட்டன. இனி ஓர் அடிகூட விரிக்க இடமில்லை. மின்சாரக் கார்களுக்கான புதிய கூடங்களை உள்ளேயே எழுப்புவதற்காக, அங்கே காலங்காலமாக நடந்துவந்த பெட்ரோல், டீசல் என்ஜின் தயாரிப்பை ஆஸ்திரியாவின் ஸ்டையருக்கும் இங்கிலாந்தின் ஹாம்ஸ் ஹாலுக்கும் மாற்றுவதாக 2020-இல் அறிவித்தார்கள். 2027-இன் இறுதியிலிருந்து மியூனிக்கில் மின்சாரக் கார்கள் மட்டுமே உருவாகும் என்பது நிறுவனத்தின் திட்டம். ஆனால் 5 சீரிஸும் 7 சீரிஸும் அங்கே உருவாவதில்லை. அவற்றின் ஊர், நீங்கள் வரப்போகிற டிங்கோல்ஃபிங்.

மியூனிக்கிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 100 கிலோமீட்டர் தொலைவில், ஈசார் ஆற்றங்கரையில் இருக்கும் டிங்கோல்ஃபிங்கில் சுமார் 20,000 பேர்தான் வசிக்கிறார்கள். தொழிற்சாலையிலோ 17,000 பேர் அளவில் வேலை செய்கிறார்கள். ஐரோப்பாவில் பி.எம்.டபிள்யூவுக்கு இருக்கும் தொழிற்சாலைகளில் இதுவே பெரியது. இவ்வளவு சிறிய ஊருக்கு இது எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. விதைக்கும் கருவி முதலான வேளாண் இயந்திரங்கள் செய்துவந்த ஹான்ஸ் கிளாஸ் குடும்ப நிறுவனம், போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் ஸ்கூட்டருக்கும், 1955-இல் 'கோகோமொபில்' என்ற குட்டிக் காருக்கும் மாறியது. பெரிய கார்களில் கால் வைத்த பிறகு அதனால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. 1960-களின் பிற்பகுதியில் பி.எம்.டபிள்யூ அதை வாங்கியபோது, இயந்திரங்களோடு அந்த வட்டாரத்தின் கைதேர்ந்த தொழிலாளர்களும் சேர்ந்தே கிடைத்தார்கள். 1973-இல் புதிய கார் தொழிற்சாலை அங்கேயே எழுந்தது. அன்று முதல் இன்று வரை, இந்த வட்டாரமான கீழ் பவேரியாவின் சிற்றூர்கள்தோறும் நிறுவனத்தின் பேருந்துகள் போய் ஆட்களை ஏற்றி வருகின்றன. விடியற்காலை ஷிப்டுக்கு இருட்டிலேயே கிளம்பி, ஊர் ஊராக நின்று வரும் அந்தப் பேருந்துகளில் தந்தையும் மகனும் ஒன்றாக ஏறுவதைப் பார்க்கலாம். வீட்டில் நிலமும் மாடும் இருக்க, வேலை மட்டும் கார் தொழிற்சாலையில் என்று வாழும் மக்கள் அவர்கள். தங்கள் ஊரையும் தாங்கள் செய்யும் வண்டியையும் பற்றி அவர்களுக்கு இருக்கும் பெருமிதத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

இங்கிருந்து உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். உதிரி பாகத் தொழிலில், கார்களைப் பூட்டும் வரிசையான லைனில் வண்டிகள் எந்த வரிசையில் வருகின்றனவோ அதே வரிசையில் இருக்கைகளும் கதவுப் பலகைகளும் லாரியிலிருந்து இறங்க வேண்டும். ஒரு பாகம் பொருந்தாமல் போனால் அடுத்த சில நிமிடங்களிலேயே தொலைபேசி அழைக்கும். திட்டப் பொறியாளர் லைனுக்கு அருகில் நிற்க வேண்டியிருக்கும். ஆகவே மியூனிக்கிலிருந்து தினமும் போய்வருவதை நான் பரிந்துரைக்கவே மாட்டேன். ரயிலில் ஒரு வழிக்கே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வாடகையும் மியூனிக்கில் மிக அதிகம். டிங்கோல்ஃபிங்கிலேயே வீடு பாருங்கள். அல்லது இரண்டுக்கும் நடுவில் இருக்கும் லாண்ட்ஸ்ஹூட் நகரில் பாருங்கள். மனைவி பின்னர் வந்து வேலை தேடுவார் என்றால் லாண்ட்ஸ்ஹூட்தான் பொருத்தம்; அங்கிருந்து அவர் மியூனிக்குக்கும் நீங்கள் டிங்கோல்ஃபிங்குக்கும் எதிரெதிர்த் திசையில் போய்வரலாம். பொங்கல், தீபாவளி விழாக்களுக்கும் தமிழ் நண்பர்களைப் பார்க்கவும் வார இறுதியில் மியூனிக்குக்கு ரயில் ஏறினால் போதும். அலுவலகத்தில் ஆங்கிலம் செல்லும் என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். லைனில் நிற்கும் மேற்பார்வையாளர் பேசுவது ஜெர்மன், அதுவும் பவேரிய வட்டார வழக்கு. கிளம்புவதற்கு முன்பே ஜெர்மன் மொழியில் பி1 என்ற இடைநிலை வரையாவது படித்துவிடுங்கள்; பாதிச் சிரமம் அதிலேயே குறைந்துவிடும்.

வேலை ஒப்பந்தத்தில் இன்னொன்றையும் பாருங்கள். ஐ.ஜி. மெட்டால் தொழிற்சங்கத்தின் ஒப்பந்தப்படி மேற்கு ஜெர்மனியின் உலோகத் தொழிலில் வாரத்துக்கு 35 மணி நேரமே வேலை. பி.எம்.டபிள்யூவில் அது செல்லும். உதிரி பாக நிறுவனங்கள் எல்லாம் அந்த ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்டவை அல்ல. உங்கள் கடிதத்தில் 40 மணி நேரம் என்று இருந்தால், சம்பளத்தை அதற்கேற்ப ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஜெர்மனியின் மற்ற ஊர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரேகன்ஸ்பர்க்கில் 1986 முதல் கார்கள் உருவாகின்றன. இப்போது எக்ஸ்1, எக்ஸ்2 அங்கிருந்து வருகின்றன. லைப்ஸிக் தொழிற்சாலை 2005-இல் திறக்கப்பட்டது. கட்டடக் கலைஞர் ஸாஹா ஹதித் வடிவமைத்த அதன் நடுக் கட்டடத்தில், அலுவலக மேசைகளின் தலைக்கு மேலே கார் உடல்கள் ஓசையின்றி நகர்ந்துபோகும். வாய்ப்புக் கிடைத்தால் அவசியம் போய்ப் பாருங்கள். பெர்லினில் உருவாவது கார் அன்று, மோட்டார் சைக்கிள்.

இனி வெளிநாடுகள். உருவாகும் கார்களின் எண்ணிக்கையில் பி.எம்.டபிள்யூவின் மிகப் பெரிய தொழிற்சாலை ஜெர்மனியில் இல்லை. அமெரிக்காவின் தென் கரோலினாவில், ஸ்பார்ட்டன்பர்க்கில் இருக்கிறது. அன்றைய ஜெர்மன் நாணயமான மார்க்கின் மதிப்பு ஏறி, ஜெர்மனியில் செய்து டாலருக்கு விற்பது கட்டுப்படியாகாமல் போன நாளில், 1992-இல் அந்த முடிவை எடுத்தார்கள். 1994-இல் முதல் கார் வெளிவந்தது. சார்ல்ஸ்டன் துறைமுகம் எட்டும் தொலைவில் இருந்ததும், மாநில அரசு சலுகைகள் தந்ததும் சேர்ந்துகொண்டன. பெரிய எஸ்.யு.வி. வண்டிகளுக்கு அமெரிக்காவே முதன்மைச் சந்தை என்பதால் எக்ஸ்5, எக்ஸ்6, எக்ஸ்7 ஆகியவை அங்கே உருவாகி உலகெங்கும் கப்பலேறுகின்றன. மியூனிக் தெருவில் நீங்கள் பார்க்கப்போகும் எக்ஸ்5 கடல் கடந்து வந்ததுதான். பல ஆண்டுகளாக இங்கே விற்ற எக்ஸ்3 வண்டிகளில் கணிசமானவை தென்னாப்பிரிக்காவின் பிரிட்டோரியாவை அடுத்த ராஸ்லினில் உருவானவை. ஜெர்மனிக்கு வெளியே பி.எம்.டபிள்யூவின் முதல் தொழிற்சாலை அதுவே. சீனாவின் ஷென்யாங்கில் உள்ளூர்க் கூட்டாளியோடு நடத்தும் தொழிற்சாலைகள், பின்னிருக்கையில் கால் நீட்டி அமர விரும்பும் சீன வாடிக்கையாளர்களுக்காக நீளம் கூட்டிய செடான்களைச் செய்கின்றன. மெக்சிகோவின் சான் லூயிஸ் பொட்டோசி 2019-இல் 3 சீரிஸோடு தொடங்கியது. ஹங்கேரியின் டெப்ரெட்சென் 2025-இல் புதிய மின்சார ஐஎக்ஸ்3-ஓடு தொடங்கியது. எந்தச் சந்தையில் விற்கிறதோ அங்கேயே செய்வது என்ற கொள்கை, வரிச் சுவர்கள் உயரும்போது நிறுவனத்துக்குக் காப்பாகிறது. 2025-இல் அமெரிக்கா இறக்குமதிக் கார்களின் மீதான வரியைக் கூட்டியபோது, ஜெர்மானியத் தொழிலாளர்கள் ஸ்பார்ட்டன்பர்க் செய்திகளைத் தங்கள் ஊர்ச் செய்தி போலவே கவனித்தார்கள்.

சென்னையைப் பற்றிய கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் மகிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் அந்தத் தொழிற்சாலையைப் பற்றி நம்மவர்களே குறைத்துப் பேசுவது எனக்கு உடன்பாடில்லாத ஒன்று. 2007 மார்ச்சில் திறக்கப்பட்ட அந்தத் தொழிற்சாலையில் தகடு அழுத்தும் கூடமோ பெயின்ட் ஷாப்போ கிடையாது. வண்ணம் பூசிய உடல்கள் கப்பலில் வர, என்ஜின், கியர்பாக்ஸ், அச்சு, உட்புறப் பாகங்கள் அங்கே பூட்டப்படுகின்றன. முழுதாக இறக்குமதியாகும் சொகுசுக் காருக்கு இந்தியா பல ஆண்டுகள் 100 விழுக்காடு வரை சுங்கவரி விதித்துவந்ததும், பாகங்களாக வந்தால் வரி மிகக் குறைவு என்பதுமே இதற்குக் காரணம். இந்த ஏற்பாடு வரிக் கணக்கில் பிறந்தது; அதனால் தரம் குறைந்துவிடாது. திருகாணியை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதும், இறுதிச் சோதனையில் எதைப் பார்க்க வேண்டும் என்பதும் எல்லா ஊருக்கும் ஒரே விதியின்படிதான். 2015-இலிருந்து உள்ளூர்ப் பாகங்களின் பங்கை 50 விழுக்காடு வரை உயர்த்தினார்கள். ஃபோர்ஸ் மோட்டார்ஸ் சென்னையில் என்ஜின்களைப் பூட்டித் தருகிறது, கதவுப் பலகைகள் டிரெக்ஸ்ல்மையர் நிறுவனத்திடமிருந்து வருகின்றன. அந்த டிரெக்ஸ்ல்மையரின் தலைமையகம் இருக்கும் ஃபில்ஸ்பீபர்க், நீங்கள் வரப்போகும் டிங்கோல்ஃபிங்குக்கு அண்டை ஊர். 1958-இல் அவர்கள் தொழில் தொடங்கியதே கோகோமொபிலுக்கு வயரிங் செய்து கொடுத்துத்தான். செங்கல்பட்டு மாவட்டமும் கீழ் பவேரியாவும் இந்த அளவுக்கு நேரடியாகப் பிணைந்திருக்கும்போது, சென்னைப் பக்கம் பெற்ற அனுபவத்தை நேர்முகத்திலோ வேலையிடத்திலோ தயங்கித் தயங்கிச் சொல்ல வேண்டியதில்லை. இங்குள்ளவர்கள் அதன் அருமை அறிந்தவர்கள்.

கார் வாங்கும்போது பிறப்பிடம் அறிய, முன்கண்ணாடியின் கீழ் மூலையிலும் பதிவுச் சான்றிலும் இருக்கும் 17 எழுத்து அடையாள எண்ணைப் பாருங்கள். முதல் மூன்று எழுத்துகள் டபிள்யூ-பி-ஏ என்று இருந்தால் ஜெர்மனியில் செய்தது என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது தயாரிப்பாளரின் குறியீடு மட்டுமே, ராஸ்லினில் உருவான வண்டிக்கும் அது இருக்கும். தொழிற்சாலையைச் சொல்வது 11-ஆவது எழுத்து. ஆனால் அதைவிட, முந்தைய உரிமையாளர் எப்படிப் பராமரித்தார் என்பதற்கான சர்வீஸ் பதிவுகளையே நான் முக்கியமாகப் பார்ப்பேன். டிங்கோல்ஃபிங் வட்டாரத்தில் உங்களுக்கு ஒரு நல்ல வாய்ப்பும் உண்டு: தொழிற்சாலை ஊழியர்கள் சலுகையில் எடுத்து ஓராண்டு ஓட்டிய கார்கள் 'யார்ஸ்வாகன்' என்ற பெயரில் நல்ல நிலையில், புதியதைவிடக் கணிசமாகக் குறைந்த விலைக்கு விற்பனைக்கு வரும்.

அதற்கு முன் ஓட்டுநர் உரிமம். இந்திய உரிமம் நீங்கள் இங்கே குடியேறிய நாளிலிருந்து ஆறு மாதங்களுக்கு மட்டுமே செல்லும். பிறகு எழுத்துத் தேர்வு, சாலைத் தேர்வு இரண்டிலும் தேர வேண்டும். விண்ணப்பம் ஏற்கப்படுவதற்கே வாரங்கள் ஆகும் என்பதால், வீட்டு முகவரியைப் பதிவு செய்த கையோடு உரிமத்தின் மூலப் பிரதியையும் அதன் ஜெர்மன் மொழிபெயர்ப்பையும் எடுத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிடுங்கள். வாடகை ஒப்பந்தம் கைக்கு வந்ததும் எழுதுங்கள்; கையெழுத்திடும் முன் ஒருமுறை படித்துப் பார்த்துச் சொல்கிறேன்.