முடக்குவாதம் இருந்தால் கதை எழுதக்கூடாதா?

கேள்வி: எனக்கு 43 வயது. பல வருடங்களாக ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் என்னும் முடக்குவாதம் இருக்கிறது. மாத்திரைகளை ஒழுங்காகச் சாப்பிடுகிறேன். வேலையை விட்ட பிறகு நிறையக் கதைகள் படிக்கிறேன், நோட்டில் நானும் எழுதுகிறேன். எழுதும்போது மனசு லேசாகிறது. வீட்டிலோ "விரலைக் கெடுத்துக்கொள்ளாதே, நோயை மறக்க எதையோ பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய்" என்கிறார்கள். நிறுத்திவிடவா டாக்டர்?

பதில்: வேண்டாம்மா, நிறுத்தாதீர்கள். இந்த நோயில் மூட்டுகளை அரிப்பது கட்டுக்குள் வராத அழற்சிதான், அளவோடு எழுதுவதால் மூட்டு கெடாது. விரல்கள் வீங்கிச் சூடாக இருக்கும் நாட்களில் மட்டும் கைக்கு ஓய்வு கொடுங்கள்.

நோயை மறக்க எழுதுகிறீர்கள் என்கிறார்களே, மறந்தால்தான் என்ன? வலியின் அளவை மூட்டு மட்டும் தீர்மானிப்பதில்லை, மூளை அதற்கு எவ்வளவு கவனம் கொடுக்கிறது என்பதும் சேர்ந்துதான் தீர்மானிக்கிறது, அதனால் ஒரு கதையில் மூழ்கியிருக்கும் நேரத்தில் உங்களுக்கு வலி குறைவாகத் தெரிந்தால் அது நிஜமாகவே குறைந்திருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாள்பட்ட நோய் வந்தவரைச் சுற்றி எல்லாரும் அவர் உடம்பைப் பற்றியே பேசுவோம், டாக்டர்களான நாங்களும் ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே என்றுதான் ஆரம்பிப்போம். அடுத்து என்ன நடக்க வேண்டும் என்று நீங்களே முடிவு செய்கிற இடம் உங்கள் நோட்டுதான். அதில் வருகிறவர்களுக்கு நோய் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நம்பிக்கையோடுதான் முடிக்க வேண்டும் என்று கட்டாயமும் இல்லை, கோபம் வந்தால் கோபமாகவே எழுதுங்கள்.

சரி, எழுதினால் நோயே குறையுமா? ஆஸ்துமா அல்லது முடக்குவாதம் இருந்த 112 பேரிடம் செய்த ஓர் ஆய்வு 1999-ல் அமெரிக்காவில் வெளியானது. ஒரு பிரிவினர் தங்கள் மனதை மிகவும் பாதித்த சம்பவத்தைப் பற்றி மூன்று நாட்கள், தினம் 20 நிமிடம் எழுதினார்கள். இன்னொரு பிரிவினர் எழுதியது அன்றாட வேலைகளைப் பற்றி. நான்கு மாதம் கழித்துப் பார்த்தபோது முதல் பிரிவில் கிட்டத்தட்டப் பாதிப் பேருக்கு நல்ல முன்னேற்றம் தெரிந்தது, மற்றதில் கால்வாசிப் பேருக்கு. ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாம் இவ்வளவு தெளிவாக இல்லை, பலன் பொதுவாகச் சிறியதுதான். அதனால் மனசு லேசாக இருக்கிறதே என்று ஒரு வேளை மாத்திரையைக்கூட நீங்களாகக் குறைக்காதீர்கள்.

பழைய வேதனையை எழுதினால் அன்று கொஞ்சம் மனம் கனக்கும், அது சகஜம். ஆனால் அதே வேதனையையே திரும்பத் திரும்ப எழுதி மேலும் சோர்ந்து போகிறீர்கள் என்றால் அந்த விஷயத்தை விட்டுவிடுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லை, தூக்கமில்லை என்றாலோ, வாழ்ந்து என்ன என்று ஒரு நாள் தோன்றினாலோகூட, தாமதிக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். முடக்குவாதம் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு மற்றவர்களைவிட அதிகமாக வருகிறது, அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

காலையில் மூட்டுகளில் இருக்கும் விறைப்பு விட்ட பிறகு எழுத உட்காருங்கள். தடிமனான பேனா பிடிக்கச் சுலபம், இடையிடையே நிறுத்தி விரல்களை நீட்டி மடக்குங்கள். முடியாத நாளில் போனில் பேசிப் பதிவு செய்யுங்கள். அப்புறம், எழுதுகிற பக்கத்தின் ஓரத்தில் அன்று காலை விறைப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்று குறித்து வையுங்கள், அடுத்த முறை மருந்தின் அளவை முடிவு செய்ய உங்கள் டாக்டருக்கு உதவும்.