கீழே கார் நிறுத்தம், மேலே வீடு: நிலநடுக்கம் வந்தால்?

கேள்வி: ஓசூர் பாகலூர் சாலைப் பக்கம் கட்டப்பட்டுவரும் நான்கு மாடிக் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம். தரைத்தளம் முழுவதும் கார் நிறுத்தம். இப்போது இரண்டாம் தளத்துத் தூண்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. ‘நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டடம், முதல்தர டிஎம்டி கம்பி’ என்று விளம்பரம் செய்கிறார்கள். நிலப்பிளவுக்கு அருகில் இருந்தால் எந்தக் கட்டடமும் தாங்காது என்கிறான் என் மகன். எது உண்மை?
வாசகி, ஓசூர்

பதில்: தூண்கள் இன்னும் எழும்பிக்கொண்டிருக்கும்போதே கேட்டீர்களே, அதுவே பாதி வெற்றி. காங்கிரீட் ஊற்றிப் பூசிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று கண்டுபிடிப்பது பெரும்பாடு.

மகன் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. தொலைவில் நிகழும் நிலநடுக்கம் கட்டடத்தைப் பலமுறை முன்னும் பின்னும் ஆட்டும். நிலத்தடிப் பாறை உடைந்து நகரும் அந்தப் பிளவை ஒட்டிய இடத்தில் கதை வேறு. பிளவு நம்மை நோக்கி உடைந்துகொண்டே வந்தால், அலைகள் ஒன்றின்மேல் ஒன்று சேர்ந்து ஓரிரு விநாடிகளில் ஒரே பெரிய உதையாக வந்து இறங்கும். 1994 ஜனவரி 17 அன்று அமெரிக்காவின் நார்த்ரிட்ஜில் பதிவான அதிர்வுகளில் இந்த உதை தெளிவாகத் தெரிந்தது. அங்கே கீழே கார் நிறுத்தம் வைத்திருந்த மூன்று மாடிக் குடியிருப்பு ஒன்றில் தரைத்தளம் நசுங்கி 16 பேர் இறந்தார்கள். அது மரச்சட்டக் கட்டடம். ஆனாலும் விழுந்த விதம் நாம் கவனிக்க வேண்டியது.

பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது ஓட்டுநர் சட்டென்று வண்டியை எடுத்தால் முழங்கால்தான் முதலில் மடங்குகிறது. உங்கள் கட்டடத்தின் முழங்கால் அந்தக் கார் நிறுத்தத் தளம். மேல்தளங்களில் சுவர்கள் தூண்களுக்கிடையே அடைத்து நிற்பதால் அவை விறைப்பாக இருக்கும். அதனால் ஆட்டத்தில் ஏற்படும் வளைவெல்லாம் சுவரில்லாத கீழ்த்தளத் தூண்களில் வந்து விழும். 2001 ஜனவரி 26 குஜராத் நிலநடுக்கத்தில், பெரும் சேதம் கண்ட பூஜ் நகரிலிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் அகமதாபாத்தில் இப்படிப்பட்ட குடியிருப்புகள் சரிந்தன. அவ்வளவு தொலைவிலேயே அந்த நிலை என்றால், பிளவின் அருகில் சொல்லவே வேண்டாம்.

‘நம் பக்கம் ஆபத்துக் குறைவு’ என்று விற்பவர் சொல்லக்கூடும். 2002ஆம் ஆண்டு நிலநடுக்க வரைபடத்தில் சேலம் மூன்றாம் மண்டலம், பெங்களூரு இரண்டாம் மண்டலம்; எண் கூடினால் ஆபத்தும் கூடும். நாம் நடுவில் இருக்கிறோம். பெரிய நடுக்கம் இங்கே அடிக்கடி வருவதில்லை என்பது சரிதான். ஆனால் 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பகுதியைச் சுமார் 6 ரிக்டர் நிலநடுக்கம் உலுக்கியது. மகாராஷ்டிரத்தின் கில்லாரி, அன்றைய வரைபடத்தில் ஆபத்து மிகக் குறைந்த முதலாம் மண்டலத்தில் இருந்தபோதுதான் 1993 செப்டம்பர் 30 அன்று தரைமட்டமானது. மண்டல எண்ணைக் கேட்டுத் திருப்தி அடைந்துவிடாதீர்கள்.

கம்பியின் பெயரைவிடக் கம்பி கட்டிய விதம் முக்கியம். தூணைச் சுற்றிக் கட்டும் ரிங்கின் முனைக் கொக்கி 135 டிகிரி வளைந்து தூணின் உள்ளே போக வேண்டும். வெறும் 90 டிகிரி மடிப்பாக இருந்தால், மேல்பூச்சுக் காங்கிரீட் உதிர்ந்ததும் ரிங் விரிந்துவிடும். தூணும் பீமும் சேரும் இடத்துக்கு மேலும் கீழும், குறைந்தது 45 சென்டிமீட்டர் நீளத்துக்கு, ரிங்குகள் 10 சென்டிமீட்டருக்கு மிகாத இடைவெளியில் நெருக்கமாக இருக்க வேண்டும். ஐஎஸ் 13920 என்ற விதிநூல் சொல்வது இது. மூன்றாம் மண்டலத்தில் இது கட்டாயம்; இரண்டில் கட்டுபவரின் விருப்பம். விருப்பம் என்றாலும் நீங்கள் வற்புறுத்துங்கள். 9 அங்குலத் தூண் அந்த விதிப்படி போதாது. குறைந்தது 30 சென்டிமீட்டர் வேண்டும். கம்பியில் ‘எஃப்இ 500டி’ என்று இருந்தால் நல்லது. அந்த ‘டி’ நெகிழ்ந்து நீளும் தன்மையைக் குறிக்கிறது. உதை வாங்கும் கட்டடம் ஒடியாமல் வளைவது அந்தத் தன்மையால்தான்.

தூண், பீம், கம்பி விவரம் காட்டும் ஸ்ட்ரக்சுரல் வரைபடத்தையும், எந்த மண்டலத்துக்குக் கணக்கிட்டார் என்று பொறியாளர் கையெழுத்திட்ட குறிப்பையும் எழுத்தில் கேளுங்கள். கார் நிறுத்தத் தளத்தில் காங்கிரீட் தாங்குசுவர்கள் அல்லது குறுக்குச் சட்டங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். 2016ஆம் ஆண்டு நிலநடுக்க விதிநூல் அவற்றைக் கேட்கிறது. காங்கிரீட் போட்டு முடித்த கீழ்த்தளத் தூண்களுக்குக் கம்பி கட்டியபோது எடுத்த படங்களைக் கேளுங்கள். இரண்டாம் தளத்தை, நீங்கள் நம்பும் ஒரு பொறியாளரை அழைத்துப்போய் நேரில் காட்டுங்கள். அவருக்குக் கொடுக்கும் சில ஆயிரம் ரூபாய்தான் இந்த வீட்டில் நீங்கள் செய்யும் மிக நல்ல செலவு. மனை ஏரியை நிரப்பிய மண்ணா, பாறையா என்பதையும் அவர் சொல்வார். பொதுவாக, நிரப்பிய மண் அதிர்வைப் பெருக்கும்.

விளம்பரத் தாளைப் பத்திரமாக வைத்திருங்கள். அது பொய் என்று நிரூபணமாகி நீங்கள் நட்டப்பட்டால், வீடு, மனை விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி வட்டியுடன் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரிந்தால் இலவசமாகச் சரிசெய்வது கட்டுநரின் கடமை. பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் அவர் வாங்கவும் கூடாது. வரைபடம் கைக்கு வரும்வரை அடுத்த தவணையைக் கொடுக்காதீர்கள்.

கேள்வி: பென்னாகரம் அருகே மண்சாந்து வைத்துக் கட்டிய பழைய கல் வீடு விலைக்கு வருகிறது. இரண்டடி அகலச் சுவர். உறுதியானதுதானே?
வாசகர், பென்னாகரம்

பதில்: அகலத்தை நம்பி வாங்காதீர்கள். கில்லாரியில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்ததற்குப் பெரிய காரணம் இத்தகைய தடித்த கல் சுவர்களும் மண் கூரைகளும்தான். வெளிமுகமும் உள்முகமும் தனித்தனியாக நின்று நடுவில் சில்லு நிரப்பிய சுவர், குலுங்கினால் இரண்டாகப் பிளந்துவிடும். இரு முகங்களையும் கோத்து நிற்கும் நீளக் கற்கள் உண்டா, கதவு நிலைக்கு மேல் வீட்டைச் சுற்றிலும் காங்கிரீட் பெல்ட் ஓடுகிறதா என்று பாருங்கள். இரண்டும் இல்லையென்றால், பெல்ட் போடவும் கூரையை இலேசாக்கவும் ஆகும் செலவை ஒரு மேஸ்திரியிடம் மதிப்பிட்டு, அதை விலையிலிருந்து கழித்துப் பேசுங்கள்.