பிளேஸ்டேஷன் 5-இல் 4கே 120 ஹெர்ட்ஸ் ஏன் வரவில்லை?

டிவி பெட்டியில் "4கே, 120 ஹெர்ட்ஸ்" (அதாவது நொடிக்கு 120 படங்கள்) என்று போட்டிருந்தும், பிளேஸ்டேஷன் 5 விளையாட்டுக் கருவியை இணைத்தால் 60-க்கு மேல் போகவில்லை என்கிறீர்கள். முதலில் பார்க்க வேண்டியது, கேபிளை எந்தத் துளையில் செருகியிருக்கிறீர்கள் என்பதைத்தான்.

4கே படம் ஒன்றில் 3840 × 2160, அதாவது சுமார் 83 லட்சம் பிக்சல்கள். பிக்சலுக்கு 24 பிட் வீதம், நொடிக்கு 120 படங்கள் என்று பெருக்கினால் ஏறத்தாழ 24 ஜிகாபிட். கருவியை டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ இணைப்பின் 2.0 தரம் தாங்குவது நொடிக்கு 18 ஜிகாபிட் மட்டுமே. 2017-இல் வந்த 2.1 தரம் 48 வரை இடம் தருகிறது. பல டிவிகளில் நான்கு எச்டிஎம்ஐ துளைகள் இருந்தாலும், 4கே 120-ஐ ஏற்பவை இரண்டுதான் இருக்கும். பக்கத்தில் பொடி எழுத்தில் குறித்திருப்பார்கள். "2.1" என்ற எண்ணை மட்டும் நம்பி டிவி வாங்காதீர்கள். அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள 120 ஹெர்ட்ஸ் கட்டாயமில்லை. வாங்குபவர்களைக் குழப்பும் இந்த விதி எனக்குத் துளியும் பிடிக்கவில்லை.

சரியான துளைக்கு மாற்றியபின், டிவி அமைப்புகளில் அந்தத் துளைக்கான மேம்பட்ட சிக்னல் வசதியை இயக்குங்கள். பிளேஸ்டேஷனில் 120 ஹெர்ட்ஸ் வெளியீட்டை 'தானியங்கி'யில் வையுங்கள். கூடவே வந்த கேபிளே போதும். நடுவில் பழைய சவுண்ட்பார் இருந்தால் அதைத் தவிர்த்து நேராக டிவியில் செருகுங்கள்.

எல்லா விளையாட்டுகளும் 120-இல் ஓடாது. ஓடுபவற்றிலும் சிலவற்றில் படத்தின் நுணுக்கத்தைவிட வேகத்துக்கு முன்னுரிமை தரும் 'பெர்ஃபார்மன்ஸ்' முறையைத் தேர்ந்தெடுத்தால்தான் வரும்.